உங்கள் பகுதி மேல்நிலைத் தொட்டியின் வரலாற்றை எழுதுவது எப்படி

மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி ஒன்றின் வரலாற்றை எழுத முற்படுகிறவர்களில் பெரும்பாலோர் அதன் சுவரில் பெயின்டால் எழுதியிருக்கும் ஆண்டைக் குறித்துக்கொண்டு, நான்கு படங்கள் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த ஆண்டு தொட்டி கட்டிய ஆண்டாகவும் இருக்கலாம், வெள்ளையடித்த ஆண்டாகவும் இருக்கலாம். தொட்டியைப் பற்றிய நம்பத் தகுந்த செய்தி அதன் குழாய்களில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. கான்கிரீட் ஒருமுறை எழும்பியபின் பெரிதாக மாறுவதில்லை. ஊருக்குத் தண்ணீர் வரும் வழி மாறும்போதெல்லாம் குழாய் மாறுகிறது. ஆகவே இந்த வழிகாட்டி குழாய்களில் தொடங்குகிறது. கட்டட அமைப்பு, சுவர் எழுத்து, அலுவலகக் காகிதங்கள், ஊர்க்காரர்களின் நினைவு ஆகியவை அதன்பின் வருகின்றன.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. ஒரு நீண்ட அளவு நாடா, ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சி, குறிப்பேடு, கைபேசி ஆகியவை போதும். தொட்டி வளாகத்துக்குள் நுழையும் முன் ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் சொல்லிவிட்டு, டேங்க் ஆபரேட்டரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கு அருகில் முன்பின் தெரியாத ஒருவர் நடமாடுவதை யாரும் விரும்ப மாட்டார்கள், விரும்பவும் கூடாது. ஏணியில் ஏற வேண்டாம். பழைய தொட்டிகளில் இரும்பு ஏணியின் படிகள் துருப்பிடித்து மெலிந்திருக்கும் என்பது மட்டுமல்ல, இந்த வேலைக்குத் தேவையான எதுவும் மேலே இல்லை. எல்லாவற்றையும் தரையில் நின்றே செய்யலாம்.

உங்கள் தொட்டி எந்தப் பரம்பரையைச் சேர்ந்தது என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. சென்னையில் 1872-ல் செங்குன்றம் ஏரியின் தண்ணீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் வரை வந்து, அங்கிருந்து வார்ப்பிரும்புக் குழாய்களில் நகருக்குள் பாய்ந்தது. வடிகட்டாத தண்ணீர், அழுத்தமும் குறைவு. 1914-ல் மாநகராட்சியின் சிறப்புப் பொறியாளர் ஜே.டபிள்யூ. மேட்லியின் திட்டப்படி கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும், நிலத்தடித் தொட்டியும், நீராவி இயந்திர பம்புகளும், 67.5 லட்சம் லிட்டர் கொள்ளும் எஃகு மேல்நிலைத் தொட்டியும் அமைந்தன. தியாகராய நகரின் மேட்லி சாலை அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. ஏரி, வடிகட்டி, பம்பு, உயரத்தில் ஒரு தொட்டி, அங்கிருந்து புவியீர்ப்பு என்ற இந்த வரிசை இன்றும் சிற்றூர்த் தொட்டி வரை மாறவில்லை. கொல்கத்தாவின் டாலா தொட்டி 1911 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. ஏறக்குறைய 110 அடி உயரத்தில், 90 லட்சம் காலன் கொள்ளளவில், முழுவதும் எஃகால் ஆனது. அதன் உள்ளே நான்கு அறைகளாகப் பிரித்திருப்பதால், ஒன்றைக் கழுவும்போது மற்றவை நகருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும். உங்கள் தொட்டியிலும் இப்படித் தடுப்புச்சுவர் உண்டா என்று ஆபரேட்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சிகாகோவில் 1869-ல் வில்லியம் பாயிங்டன் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய கோட்டை போன்ற கோபுரத்துக்குள் தொட்டியே கிடையாது. செங்குத்தான ஒரு நீண்ட குழாய்தான் இருந்தது. நீராவிப் பம்புகள் விட்டு விட்டுத் தள்ளிய நீரின் துடிப்பை அந்தக் குழாய் சமன்செய்தது. தொட்டி என்ற பாத்திரத்தைவிட உயரம் என்ற செய்திதான் இந்தக் கட்டடங்களின் உயிர் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

குழாய்களைப் படித்தல்

தொட்டிக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் பொதுவாக நான்கு குழாய்கள் தெரியும். நீரேற்றுக் குழாய் மோட்டார் அறையிலிருந்து வந்து, தூணை ஒட்டி ஏறி, பெரும்பாலும் சுவரின் மேல் விளிம்பு வரை சென்று உள்ளே வளையும். விநியோகக் குழாய் தொட்டியின் தளத்திலிருந்து இறங்கி, தரைக்கருகே ஒரு வால்வைக் கடந்து தெருவுக்குப் போகும். அடியில் படியும் வண்டல் வீட்டுக் குழாய்க்குள் போகாமலிருக்க அதன் வாயைத் தளத்துக்குச் சற்று மேலே தூக்கி வைப்பார்கள். வாஷ்-அவுட் குழாய் தளத்தின் மிகத் தாழ்ந்த புள்ளியில் தொடங்கும். தொட்டியைக் கழுவும்போது மட்டும் அதன் வால்வைத் திறப்பார்கள். ஓவர்ஃப்ளோ குழாய்க்கு வால்வே இருக்காது. பல இடங்களில் வாஷ்-அவுட்டும் ஓவர்ஃப்ளோவும் வால்வுக்குக் கீழே ஒன்றாகச் சேர்ந்து ஒரே வாயில் முடியும். அதன் கீழே தரை எப்போதும் ஈரமாகவும் பாசி படர்ந்தும் இருக்கும் என்பதால் அடையாளம் காண்பது எளிது.

ஐந்தாவதாக ஒரு குழாய் இருந்தால் அங்கே நிதானமாக நிற்க வேண்டும். தமிழ்நாட்டின் பெரும்பாலான சிற்றூர்த் தொட்டிகள் முதலில் பக்கத்துக் கிணற்றையோ ஆழ்துளைக் கிணற்றையோ நம்பிக் கட்டப்பட்டவை. நிலத்தடி நீர் வற்றிய பிறகோ, உப்பாகவோ ஃப்ளோரைடு மிகுந்ததாகவோ மாறிய பிறகோ, ஆற்று நீரைத் தொலைவிலிருந்து கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வந்தன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. இப்படித் திட்டம் மாறிய ஊர்களில் பழைய தொட்டியை இடிக்காமல் இரண்டாவது நீரேற்றுக் குழாய் ஒன்றைப் பக்கவாட்டில் ஏற்றிவிடுவது வழக்கம். பழைய குழாய் வார்ப்பிரும்பாக இருக்கும். மூட்டுக்கு மூட்டு தடித்த விளிம்பும் வட்டமாக முறுக்கிய போல்ட்டுகளும், மேலே பல அடுக்குப் பெயின்டும் தெரியும். புதியது பி.வி.சி.யாகவோ, கறுப்புப் பூச்சுடைய டக்டைல் இரும்பாகவோ இருக்கும். தூணில் அதைப் பிடித்திருக்கும் கிளாம்புகள் பின்னால் துளையிட்டு வைத்தவை என்பது சுற்றியுள்ள சிமென்ட் பூச்சிலேயே தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்தால், ஊர் தன் கிணற்றை விட்டு ஆற்றுக்கு மாறிய கதை அந்த ஒரு படத்திலேயே அடங்கிவிடும்.

வெட்டி மூடிய குழாய்களையும் விட்டுவிடாதீர்கள். தரையிலிருந்து ஒரு முழம் எழும்பி, மேலே தகடு வைத்து போல்ட் முறுக்கி நிற்கும் ஒரு துண்டுக் குழாய் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்று பாருங்கள். அந்தத் திசையில் நடந்துபோனால் கைவிடப்பட்ட மோட்டார் அறையோ, குப்பை நிறைந்த திறந்தவெளிக் கிணறோ, பொதுக் குழாய் இருந்த மேடையோ அகப்படக்கூடும். வார்ப்பிரும்புக் குழாயிலும் வால்விலும் தயாரித்த நிறுவனத்தின் பெயரெழுத்துகளும், சிலவற்றில் ஆண்டும், மேடெழுத்தாக இருக்கும். பெயின்டின் மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து தாளில் வந்துவிடும். வால்வில் வார்த்த ஆண்டு தொட்டியின் ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் குழாய் முழுவதும் ஒரே ஆண்டைக் காட்டினால் அதை வலுவான சான்றாகவே கொள்ளலாம்.

உயரமும் கொள்ளளவும்

தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால் கீழே சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். ஒரு மாடியே உள்ள வீட்டுக்கு 7 மீட்டர், இரண்டு மாடிக்கு 12 மீட்டர், மூன்று மாடிக்கு 17 மீட்டர் நீரழுத்தம் வீட்டு வாசலில் மிஞ்ச வேண்டும் என்பது நம் நாட்டுக் குடிநீர்ப் பொறியாளர்கள் பின்பற்றிவந்த மத்திய அரசுக் கையேட்டின் கணக்கு. தரைத்தளத்தையும் சேர்த்தே அது மாடி என்று எண்ணுகிறது. குழாயில் ஓடும்போது உராய்வில் கொஞ்சம் இழப்பு ஏற்படும் என்பதால் தொட்டியின் அடித்தளத்தை அதைவிடச் சில மீட்டர் உயர்த்திக் கட்டுவார்கள். ஆகவே தொட்டியின் உயரத்தை அளந்தால், கட்டியவர்கள் அந்தத் தெருவில் எத்தனை மாடி வீடுகளை எதிர்பார்த்தார்கள் என்று ஊகிக்க முடியும். வீட்டுக்கு வீடு தரையடிச் சம்ப்பும் அரைக் குதிரைத்திறன் மோட்டாரும் வந்ததற்குத் தண்ணீர் வரும் நேரம் குறைந்தது ஒரு காரணம். வீடுகள் தொட்டியின் கணக்கைத் தாண்டி வளர்ந்தது இன்னொரு காரணம். உங்கள் கட்டுரையில் இந்த ஒப்பீட்டுக்குக் கட்டாயம் இடம் கொடுங்கள்.

உயரத்தை நிழலைக்கொண்டு அளக்கலாம். வெயில் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி அதன் நிழலை அளந்துகொள்ளுங்கள். உடனே தொட்டி நிழலின் நுனியையும் தரையில் குறியிட்டுவிடுங்கள். தாமதித்தால் நிழல் நகர்ந்துவிடும். இங்கே பலரும் தூணின் அடியிலிருந்து அளக்கிறார்கள். நிழலின் நுனியை உண்டாக்குவது தூணல்ல, நிழல் விழும் பக்கத்தில் இருக்கும் மேல் விளிம்பு. ஆகவே அந்த விளிம்புக்கு நேர் கீழேயுள்ள புள்ளியிலிருந்துதான் அளக்க வேண்டும். தொட்டியின் நடுப்புள்ளியிலிருந்து நுனி வரை அளந்து, தொட்டியின் ஆரத்தைக் கழித்துக்கொள்வது எளிய வழி. குச்சியின் நிழல் 0.75 மீட்டரும் தொட்டியின் நிழல் 13.5 மீட்டரும் இருந்தால் உயரம் 18 மீட்டர்.

ஆரத்துக்கும் நிழலே துணை. வெயில் விழும் திசைக்குக் குறுக்கே நிழலின் அகலத்தை அளந்தால் அது தொட்டியின் வெளிவிட்டத்துக்குச் சமம். கூரைத்தளம் சுவரைத் தாண்டி நீட்டியிருந்தால் அந்த நீட்டத்தை மட்டும் கழிக்க வேண்டும். வெளிவிட்டம் 8.4 மீட்டர் என்றும், சுவரின் தடிமன் இருபுறமும் 20 சென்டிமீட்டர் என்றும் கொண்டால் உள்விட்டம் 8 மீட்டர். நீர் 4 மீட்டர் ஆழம் நிற்கும் என்றால், 3.14-ஐ நான்கால் வகுத்து, விட்டத்தின் வர்க்கத்தாலும் ஆழத்தாலும் பெருக்க, ஏறக்குறைய 200 கன மீட்டர், அதாவது 2 லட்சம் லிட்டர் வரும். தண்ணீரின் எடை மட்டும் 200 டன். சிற்றூர்களில் அதிகம் காணப்படுபவை 10,000, 30,000, 60,000, ஒரு லட்சம் லிட்டர் தொட்டிகள். உங்கள் கணக்கு இவற்றில் ஒன்றுக்கு அருகில் வந்து, சுவரிலும் அதே எண் எழுதியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

கட்டட அமைப்பை விவரித்தல்

விவரிப்பைக் கீழிருந்து மேலே கொண்டுபோவது நல்லது. தொட்டியைத் தாங்கும் பகுதி பெரும்பாலும் தூண்களும், அவற்றைக் குறுக்காக இணைக்கும் விட்டங்களும் கொண்ட சட்டகமாக இருக்கும். தூண்கள் எத்தனை, சதுரமா வட்டமா, நேராக நிற்கின்றனவா உட்புறம் சாய்ந்திருக்கின்றனவா, குறுக்கு விட்டங்கள் எத்தனை அடுக்கு என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கு விட்டங்கள் இல்லாவிட்டால் காற்றும் நில அதிர்வும் பக்கவாட்டில் தள்ளும்போது உயரமான தூண்கள் எளிதில் வளைந்துவிடும். வேறு சில தொட்டிகள் தூண்களின்றி ஒரே உருளைச் சுவரின் மேல் நிற்கும். அந்த உருளைக்குள் கதவு வைத்துச் சாமான் அறையாகப் பயன்படுத்துவதும் உண்டு. பார்வைக்கு இதுதான் நேர்த்தி, ஆனால் 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில் இவ்வகைத் தொட்டிகள் பலவற்றில் உருளையின் கீழ்ப்பகுதியைச் சுற்றிக் கிடைமட்டமாக விரிசல் விழுந்தது. சட்டகத்தில் ஓர் உறுப்பு பழுதானாலும் பாரத்தைப் பங்கிட மற்றவை இருக்கும். உருளைக்கு அந்த மாற்று வழி இல்லை.

மேலே உள்ள பாத்திரம் சதுரமாக இருந்தால் அது சிறிய கொள்ளளவுத் தொட்டியாகவே இருக்கும். கான்கிரீட் வார்க்க அச்சுப் பலகை அடிப்பது எளிது என்பதே சதுர வடிவத்துக்குக் காரணம். வட்டத் தொட்டியில் நீரின் அழுத்தம் சுவரைச் சுற்றிலும் ஒரே அளவில் இழுவிசையாக மாறுவதால் சுவரை மெல்லியதாகக் கட்ட முடியும். பெரிய தொட்டிகளில் சுவருக்குக் கீழே உட்புறம் குறுகி வரும் புனல் போன்ற ஒரு பகுதியைக் காணலாம். அது ஜெர்மனியின் ஆஹன் நகரப் பேராசிரியர் ஆட்டோ இன்ட்சே 1880-களில் உருவாக்கிய அமைப்பு. அவர் பெயராலேயே இன்ட்சே தொட்டி எனப்படுகிறது. வெளியே தெரிவது சாய்வான புனல் மட்டுமே. உள்ளே நடுப்பகுதியின் தளம் குவிமாடமாக மேல்நோக்கி எழும்பியிருக்கும். நீரின் பாரத்தால் குவிமாடம் தன் விளிம்பை வெளிப்புறம் தள்ளுகிறது. புனல் அதே விளிம்பை உட்புறம் தள்ளுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் வளைய விட்டத்தில் இவ்விரு தள்ளல்களும் ஒன்றையொன்று பெரும்பாலும் தீர்த்துக்கொள்ள, தூண்களுக்குச் செங்குத்தான பாரம் மட்டுமே இறங்குகிறது. நம் ஊர்க் கட்டடங்களில் இத்தனை அழகான கணக்கு கண்ணுக்குத் தெரியும்படி நிற்பது அரிது. அதைச் சோப்பு விளம்பரம் எழுதி மறைத்துவிடுகிறோம்.

கான்கிரீட்டின் மேற்பரப்பையும் கவனியுங்கள். பூசாத இடங்களில் அச்சுப் பலகையின் தடம் அப்படியே பதிந்திருக்கும். மரப்பலகை வைத்து வார்த்திருந்தால் மரத்தின் ரேகையும் கணுவும்கூடத் தெரியும். இரும்புத் தகடு வைத்திருந்தால் வழவழப்பான பரப்பும் நேரான இணைப்புக் கோடுகளும் இருக்கும். சுவரைச் சுற்றிச் சீரான இடைவெளியில் ஓடும் கிடைக்கோடுகள் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு உயரம் வார்த்தார்கள் என்று காட்டும். அந்தக் கோடுகளை ஒட்டி வெள்ளைத் திட்டுகள் வழிந்திருந்தால் அங்கே நீர் கசிகிறது என்று பொருள். பழுப்பு நிறக் கறையும் உதிர்ந்த காரையும் தெரிந்தால் உள்ளிருக்கும் கம்பி துருவேறுகிறது. இவற்றைத் தேதியிட்டுப் படமெடுத்து, வரலாற்றில் சேர்ப்பதோடு உரிய அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

சுவர் எழுத்தும் காகிதமும்

சுவரில் எழுதியிருக்கும் திட்டத்தின் பெயர் ஆண்டைவிட நம்பகமானது. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி என்றிருந்தால் அது 1993 டிசம்பருக்கு முந்தியதாக இருக்க முடியாது. அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் 2006-க்குப் பிந்தையது. தாய் எனப்படும் தமிழ்நாடு கிராமக் குடியிருப்புகள் மேம்பாட்டுத் திட்டம் 2011-க்குப் பிந்தையது. ஜல் ஜீவன் இயக்கம் 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. இவற்றில் சில பழுதுபார்ப்புக்கும் பணம் கொடுத்த திட்டங்கள் என்பதால், எழுத்துக்கு அடியில் பழைய பெயின்டில் வேறு எழுத்து மங்கலாகத் தெரிகிறதா என்று சாய்ந்த வெயிலில் பாருங்கள். கல்வெட்டுப் பலகை இருந்தால் அடிக்கல் நாட்டிய நாளா, திறந்து வைத்த நாளா என்பதைப் பிரித்து எழுதுங்கள். இரண்டுக்கும் இடையே ஆண்டுகள் ஓடியிருக்கலாம்.

அலுவலகத்தில் கேட்க வேண்டியவை திட்ட மதிப்பீடு, எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகம், சொத்துப் பதிவேடு, ஊராட்சித் தீர்மானப் புத்தகம் ஆகியவை. தீர்மானப் புத்தகம்தான் பெரும்பாலும் சுவையானது, ஏனெனில் தொட்டியை எங்கே கட்டுவது என்ற வழக்கு அதில் இருக்கும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971-லும், சென்னைக் குடிநீர் வாரியம் 1978-லும் அமைந்தவை என்பதால், தொட்டி அவற்றுக்கு முந்தையதென்றால் காகிதங்களை நகராட்சியிலோ ஆவணக் காப்பகத்திலோதான் தேட வேண்டும். நேரில் கேட்டுக் கிடைக்காதவற்றை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு எழுதிக் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். "தொட்டி பற்றிய எல்லா விவரங்களும்" என்று கேட்காமல், தொட்டி இருக்கும் தெருவைக் குறிப்பிட்டு இன்ன ஆவணத்தின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். கூகுள் எர்த்தின் பழைய செயற்கைக்கோள் படங்களும் உதவும். தொட்டி புள்ளியாகத் தெரியாவிட்டாலும் அதன் நீண்ட நிழல் எந்த ஆண்டுப் படத்திலிருந்து விழத் தொடங்குகிறது என்று பார்க்க முடியும்.

ஊர்க்காரர்களிடம் கேட்பது

"எந்த வருஷம் கட்டினாங்க?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் தவறான பதில்தான் வரும். "யாரு தலைவரா இருந்தப்போ கட்டினாங்க? உங்க பெரிய பொண்ணு பொறந்ததுக்கு முந்தியா, பிந்தியாம்மா?" என்று கேட்டால் துல்லியம் கூடும். இரண்டு மூன்று பேரின் பதில்களைச் சுவர் எழுத்தோடும் தீர்மானப் புத்தகத்தோடும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றையும் அப்படியே பதிவு செய்யுங்கள். முன்னாள் ஆபரேட்டர் இருந்தால் அவரிடம் அதிக நேரம் செலவிடுங்கள். எந்த வால்வைத் திறந்தால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும், எந்தத் தெரு கடைசி, மோட்டார் எரிந்தபோது என்ன செய்தார்கள் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது. அவர் தலையில் இருக்கும். முடிந்தால் அவரை அருகில் வைத்துக்கொண்டு தெருவாரியாக ஒரு வால்வு வரைபடம் வரைந்துவிடுங்கள்.

அந்த வரைபடம் வரையும்போதே இன்னொன்றும் தெரியவரும். பல ஊர்களில் ஊருக்கு ஒரு தொட்டியும் காலனிக்கு ஒரு தொட்டியும் தனித்தனியாக இருக்கின்றன. தூரமும் மேடுபள்ளமும் காரணமாக இருந்தால் அதை உயர அளவுகள் காட்டிவிடும்; காட்டாதபோது வேறு காரணத்தை ஊர் அறியும். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளிவந்தபின், யாருக்கு எந்தத் தொட்டி என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு ஒரு தொட்டியின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. எந்தெந்தத் தெருக்களுக்கு எந்தத் தொட்டி, எந்த ஆண்டிலிருந்து என்று எழுதினாலே போதும். விளக்கம் சேர்க்க வேண்டிய அவசியம் இராது.

எழுதி முடித்தபின் அளவுகளை ஒரு பக்கத்திலும், படங்களை எடுத்த தேதியோடும் நின்ற திசையோடும் மறு பக்கத்திலும் வைத்து, அளந்தவை எவை, ஆவணத்திலிருந்து எடுத்தவை எவை, கேட்டு எழுதியவை எவை என்று பிரித்துக் காட்டுங்கள். பேசியவர்களின் பெயரை அவர்கள் சம்மதித்தால் மட்டும் சேர்க்கலாம். ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகத்திலும் ஒன்றைக் கிளை நூலகத்திலும் கொடுத்துவைக்கலாம். காரை உதிரும் பழைய தொட்டிகளை இடித்துப் புதியவை கட்டுவது எல்லா மாவட்டங்களிலும் நடந்துகொண்டிருப்பதால், இடிப்பதற்கான தீர்மானம் நிறைவேறிய தொட்டி உங்கள் பகுதியில் இருந்தால் அதை முதலில் அளந்துவிடுங்கள்.